காலத்தே சொன்ன சொல்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் எந்த ஊர்த் தையற்கடைக்குச் சென்றாலும் ஒரே காட்சியைக் காணலாம். வெட்டப்படாத துணிகள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். பொத்தான் தைக்கப்படாத சட்டைகள் கம்பியில் தொங்கும். வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் தையற்காரர், "நாளைக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் தீயவர் அல்லர். நாடி வந்த எவரையும் திருப்பி அனுப்ப மனம் வராதவர். ஆனால் அந்த இரக்கமே விழா இரவில் யாரோ ஒரு குழந்தையைப் புத்தாடையின்றித் திருப்பலிக்கு அனுப்பிவிடுகிறது.

தையற்காரர், தச்சர், கொத்தனார் ஆகியோரிடம் மட்டுமே நாம் கண்டுவந்த இந்தச் சிக்கல் இன்று நம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. படித்த பிள்ளைகள் பலர், நிறுவன வேலையை விட்டோ அது கிடைக்காமலோ, வீட்டின் ஓர் அறையில் கணிப்பொறிமுன் அமர்ந்து மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, கணக்கெழுதுதல், இணையதளம் அமைத்தல் போன்ற பணிகளைத் தனித்துச் செய்கிறார்கள். 'ஃப்ரீலான்சர்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. நோயுற்ற நாளுக்கு ஊதியம் இல்லை. இந்த மாதம் பணி தந்தவர் அடுத்த மாதமும் தருவார் என்ற உறுதியும் இல்லை. இத்தகையோர் தம் தொழிலில் நிலைபெறுவது எதனால்? திறமையால் என்று உடனே விடை கூறலாம். ஆயினும் பெருந்திறமை இருந்தும் மூன்றாண்டுகளில் தொழிலைக் கைவிட்டவர்களையும், நடுத்தரத் திறமையோடு முப்பதாண்டுகள் நிலைத்து நின்றவர்களையும் நாம் அறிவோம். எனவே திறமைக்கு அப்பாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. பணி செய்பவரும் பணி தருபவரும் ஒருவருக்கொருவர் எதற்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்னும் வினாவை எழுப்பினால், அது தென்படக்கூடும்.

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் பங்கின் விழா மலரைத் தயாரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அறுபத்து நான்கு பக்கங்கள் என்று பேசி, ஓர் இளைஞரிடம் வடிவமைப்பை ஒப்படைத்தோம். அவர் கேட்ட தொகைக்கு இசைந்தோம். பின்னர் வாழ்த்துச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன, படங்கள் மாறின, விளம்பரங்கள் சேர்ந்தன, மலர் தொண்ணூற்றாறு பக்கங்களாக வளர்ந்தது. மெய்ப்பு ஆறு முறை திருத்தப்பட்டது. அவர் ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. நாமும் ஊதியத்தைப் பற்றி ஒருமுறையும் வாய் திறக்கவில்லை. விழா முடிந்தது. விளம்பரப் பணம் வசூலாகவில்லை என்ற காரணத்தால் அவருக்குரிய தொகை நான்கு மாதங்கள் தள்ளிப்போயிற்று. ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அவர் காத்திருந்தார். முகத்தில் சினம் இல்லை. "ஐயா, பணம் வர நாளாகும்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த மாசம் வந்த வேற வேலையை விட்டிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பணத்தை மறுநாளே கொடுத்துவிட்டோம். அந்தச் சொல் மட்டும் நம்மை விடவில்லை. பணம் இல்லாமை நம் குற்றமன்று. இல்லை என்பதை அறிந்த நாளில் சொல்லாமல் விட்டது நம் குற்றம். அந்த மௌனத்தால் ஊதியம் தாமதித்தது மட்டுமன்று, தம் அடுத்த அடியைத் தாமே தீர்மானித்துக்கொள்ள அவருக்கிருந்த வாய்ப்பும் பறிபோயிற்று. தனித்துத் தொழில் செய்பவரின் சுதந்திரம் என்று நாம் போற்றுவது அந்த வாய்ப்பைத்தானே?

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செர்மனியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைத்துப் பார்ப்பது பயன் தரும். பிராங்க்பர்ட் நகர வணிகரான யாக்கோப் ஹெல்லர், அந்நகரிலிருந்த தொமினிக்கன் சபையாரின் கோவிலுக்கு ஒரு பீட ஓவியம் வரைந்து தருமாறு நியூரம்பெர்க் நகர ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரைக் கேட்டுக்கொண்டார். அன்னை மரியாவின் விண்ணேற்பும் முடிசூட்டும் அதன் பொருள். பேசிய ஊதியம் 130 புளோரின். 1507 முதல் 1509 வரை இதுபற்றி டியூரர் எழுதிய ஒன்பது கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஹெல்லரின் கடிதங்கள் கிடைக்கவில்லை. ஆகவே வழக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்கிறோம் என்பதை மறவாமல் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதற் கடிதத்தில் டியூரர், தாம் நெடுநாள் காய்ச்சலில் கிடந்ததாகவும், அதனால் சாக்சனிக் கோமகனுக்கு வரையும் ஓவியம் தடைப்பட்டு, ஹெல்லரின் பணியும் தள்ளிப்போவதாகவும் தெரிவிக்கிறார். 1508 மார்ச்சில், கோமகனின் பணி முடியும் நிலையில் இருக்கிறது, அடுத்து உம்முடையதே என்கிறார். நடுப்பலகையைத் தம் கையாலேயே வரைவதாகவும் வாக்களிக்கிறார். இதுவரை அவர் நடந்துகொண்ட முறை எந்தத் தொழிலருக்கும் முன்மாதிரி. தாமதம் நேர்ந்தது, அதனை முன்கூட்டியே சொன்னார். எப்பகுதி தம் கைவேலை என்பதையும் மறைக்கவில்லை.

அதன்பின் சிக்கல் தொடங்குகிறது. வரைய வரைய ஓவியம் அவரை ஆட்கொண்டது. விலைமிக்க நீல வண்ணத்தைத் தாராளமாகச் செலவிட்டார். ஒரே இடத்தின்மேல் ஐந்தாறு முறை வண்ணம் பூசினார். பேசிய ஊதியம் இந்த உழைப்புக்குக் கட்டாது என்று முறையிட்டு, 1508 ஆகஸ்டில் 200 புளோரின் கேட்டார். ஹெல்லர் மனம் கசந்தார். ஒரு கட்டத்தில், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடவும் டியூரர் முன்வந்தார். முடிவில் 1509 ஆகஸ்டில் ஓவியம் பிராங்க்பர்ட் சென்றது. 200 புளோரின் கிடைத்தது. ஓவியரின் மனைவிக்கு ஹெல்லர் ஓர் அன்பளிப்பும் அனுப்பினார். ஆனால் இத்தகைய நுணுக்க வேலையை இனி ஏற்பதில்லை என்றும், முன்பே செதுக்குப் படங்களில் மட்டும் நாட்டம் செலுத்தியிருந்தால் தாம் ஆயிரம் புளோரின் கூடுதலாகச் சேர்த்திருக்கலாம் என்றும் டியூரர் எழுதினார்.

இவர்களில் யார் பக்கம் நீதி? டியூரர் தம் விருப்பத்தால் கூட்டிக்கொண்ட உழைப்புக்கு, ஹெல்லர் கடன்பட்டவர் என்று சொல்ல முடியாது. கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்கு விலை கேட்பது நீதியாகாது. விலை பேசிய நாளிலேயே இதைப்பற்றி அவர் ஹெல்லரிடம் பேசியிருக்கவேண்டும். எனினும் அவர் செய்யாமல் விட்ட ஒன்றை எண்ணி நாம் தலைவணங்க வேண்டியிருக்கிறது. ஊதியம் போதவில்லை என்று கண்டபோது, எவரும் அறியாவண்ணம் மலிவான வண்ணத்தைப் பூசிக் கணக்கைச் சரிக்கட்டியிருக்கலாம். மேற்பூச்சுக்கு அடியில் எத்தனை பூச்சு இருக்கிறது என்பதை வணிகர் எங்ஙனம் அறிவார்? அந்த வழியை டியூரர் தேடவில்லை. கசப்பானாலும் வெளிப்படையாகக் கேட்டார். தாமதமாக வந்தாலும் அது உண்மை. ஆதலால்தான் உறவு முறியாமல் முடிந்தது எனலாம்.

பணி செய்பவர் செய்யும் வேலையைப் பணி தருபவரால் பெரும்பாலும் முழுதாக அளந்தறிய இயலாது. மூலமொழி தெரியாதவரே மொழிபெயர்ப்பாளரை நாடுகிறார். கணக்கு அறியாதவரே கணக்கரிடம் வருகிறார். இந்த அறியாமையைக் காப்பதா, சுரண்டுவதா என்பதில்தான் தொழிலரின் மனச்சான்று சோதிக்கப்படுகிறது. இன்று கணிப்பொறி நொடிப்பொழுதில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது. அதனை உதவிக்குக் கொள்வது பாவமன்று. அதனைத் தம் கைவேலை என்று சொல்லிக் கைவேலைக்குரிய விலை வாங்குவது பொய்.

ஆகவே தனித்துத் தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள் சில வழக்கங்களைத் தொடக்கத்திலேயே கைக்கொள்வது நல்லது. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எந்நாளில் ஒப்படைப்பு, எந்நாளில் ஊதியம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடவேண்டும். எழுதிக் கேட்பது நம்பிக்கையின்மை என்று நம்மில் பலர் கருதுகிறோம். திருமணத்திற்கே பதிவேட்டில் ஒப்பமிடுகிற நமக்கு இதில் என்ன கூச்சம்? விலையைக் கணிக்கும்போது வேலை இல்லாத நாள்களையும், மின்கட்டணத்தையும், நோயையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒருபகுதி முன்பணம் கேட்கத் தயங்கலாகாது. ஒருவரையே நம்பி வாழாமல் இரண்டு மூன்று இடங்களில் பணி பெறவேண்டும். அப்போதுதான் முறையற்ற கோரிக்கைக்கு மறுப்புச் சொல்லும் துணிவு வரும். இயலாத பணியை முதல் நாளே மறுப்பது, ஏற்றுக்கொண்டு கடைசி நாளில் கைவிரிப்பதைவிடப் பெரிய அன்பு. தாமதம் நேரும் என்று தெரிந்தவுடன், கேட்கப்படும்முன் தாமே சொல்லிவிடவேண்டும்.

பணி தருகின்ற நமக்கும் கடமை உண்டு. கூலியாளின் ஊதியத்தைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடவேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. இருவரும் உடன்பட்டார்கள் என்பதனாலேயே ஓர் ஊதியம் நீதியானது ஆகிவிடாது என்றும், தேவையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்கு இசைந்த தொழிலாளி அநீதிக்கு உள்ளாகிறார் என்றும், திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டின் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் கற்பித்தார். அரசுகளும் மெல்ல இவ்வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், பதிவுபெற்ற சிறு தொழிலருக்குரிய தொகையை, என்ன ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாள்களுக்கு மேல் நிறுத்திவைக்கலாகாது என்கிறது. தவறினால் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. நியூயார்க் நகரில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, 800 டாலரும் அதற்கு மேலும் பெறும் தனித்தொழிலரின் பணிக்கு எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆயினும் ஐயாயிரம் ரூபாய்க்காக நீதிமன்றப் படியேறும் இளைஞர் எத்தனை பேர்? சட்டம் எட்டாத இடத்தில் நம் மனச்சான்றே காவல்.

டியூரரின் ஓவியத்திற்குப் பின்னாளில் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். தூய்மையாக வைத்துக்கொண்டால் அது ஐந்நூறு ஆண்டுகள் நிலைக்கும் என்று அவர் ஹெல்லருக்கு எழுதினார். பவேரியக் கோமகன் அதனை விலைக்கு வாங்கி மியூனிக் நகருக்குக் கொண்டுசென்றார். அங்கே 1729இல் அரண்மனையில் பற்றிய தீயில் அது எரிந்துபோயிற்று. இன்று ஒரு நகலை மட்டுமே காண முடிகிறது. அந்த நீல வண்ணமும் ஐந்தாறு பூச்சுகளும் போய்விட்டன. பணி செய்தவர் பணி தந்தவருக்கு எழுதிய சொற்கள் எஞ்சியிருக்கின்றன.

நம் மலரை வடிவமைத்த இளைஞரிடம் அடுத்த ஆண்டும் சென்றோம். அவர் ஒரு தாளை எடுத்து முன்வைத்தார். அறுபத்து நான்கு பக்கம், மூன்று முறை திருத்தம், கூடுதல் பக்கம் ஒன்றுக்கு இவ்வளவு, பாதித் தொகை இன்று என்று அதில் எழுதியிருந்தது. தொகை முன்னைவிடக் கூடுதல்தான். ஒப்பமிட்டுப் பாதிப் பணத்தைக் கொடுத்தோம். இடையில் ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்து, வீட்டில் நோய் காரணமாக இரண்டு நாள் தாமதமாகும் என்றார். அச்சகத்தாரிடம் சொல்லி நாளை மாற்றிக்கொண்டோம். எவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இந்த மாதம் நாம் யாரிடமேனும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருக்கிறோமா? சொல்லியிருந்தால், அந்த நாளை எது என்று இன்றே அவருக்குத் தெரிவித்துவிடுவோம்.