நின்றுபோன ரேஷன் அரிசியும் நம்முடைய பொறுப்பும்

 

 இன்று என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நம் மஹல்லாவில் தனியாக வாழும் ஒரு விதவைத் தாய். தேங்காய்க் களத்தில் பருப்பு எடுத்தே காலம் கழித்தவர். விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்கவில்லை. மூன்று மாதம் வெறும் பையோடு திரும்பியிருக்கிறார். செய்தி தெரிந்ததும் பைத்துல்மாலிலிருந்து ஒரு சிப்பம் அரிசி எடுத்துக்கொண்டு போனேன். கடமை முடிந்தது என்று என் மனம் நிம்மதி அடைந்தது. அந்தத் தாய் சொன்னார்: "ஏனுங்க ஹஜ்ரத், இந்த அரிசி தீந்து போயிருமுங்க. என்ர கார்டைச் சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா மாசாமாசம் வருமுங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் கேட்டது தர்மம் அல்ல, அவருடைய ஹக்கு.

சகோதரர்களே! மாஊன் சூராவை நாம் தொழுகையில் ஓதுகிறோம்.  ஏழையின் உணவுக்காகப் பிறரைத் தூண்டாதவனை அது கண்டிக்கிறது. அங்கே அல்லாஹ் பயன்படுத்தும் சொல் 'தஆமுல் மிஸ்கீன்'. அதாவது, மிஸ்கீனுடைய உணவு. அந்த உணவு அவனுக்கே உரிமையானது என்பதை இந்தச் சொல்லமைப்பு காட்டுவதாக இமாம் ராஸி (ரஹ்) விளக்குகிறார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேளுங்கள். பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித்தொகை வழங்கினார்கள். பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் அந்தத் தொகை என்பது விதி. ஓர் இரவு, மதீனாவுக்கு வந்து தங்கிய வணிகக் கூட்டத்துக்கு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களோடு காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தாயிடம் போய்க் காரணம் கேட்டார்கள். பேசுவது யாரென்று தெரியாமல் அந்தப் பெண் சொன்னார்: பால்குடி மறந்த பிள்ளைக்குத்தானே உமர் தருகிறார், அதனால் சீக்கிரமே மறக்கடிக்கிறேன்.

அன்று ஃபஜ்ரு தொழுகையில் கலீஃபாவின் கிராஅத் மக்களுக்கு விளங்கவில்லை, அவ்வளவு அழுகை. தன் விதியால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ என்று கலங்கினார்கள். தொழுகை முடிந்ததும், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் கடிதம் எழுதினார்கள்.

கவனியுங்கள். அந்த ஒரு தாய்க்கு ஒரு பை கோதுமை கொடுத்து அவர்கள் திரும்பிவிடவில்லை. தடையாக நின்ற விதியையே அகற்றினார்கள். நானோ அரிசிச் சிப்பத்தோடு நின்றுவிட்டேன்.

இது சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள். 2017-ல் ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். நோயால் என்றது அரசு. ஆதார் இணைக்காத ஒரே காரணத்துக்காக யார் பெயரையும் நீக்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது அதன் பிறகுதான்.

அல்ஹம்துலில்லாஹ், நம் தமிழ்நாட்டில் நிலைமை மேல். கைரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவு இருக்கிறது. கடைக்கு வர முடியாத முதியவர், தன் சார்பில் ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கலாம். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. 1967 என்ற இலவச எண் இருக்கிறது. திங்கட்கிழமை திருப்பூர் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், மாவட்டக் குறைதீர் அலுவலரையும் மாநில உணவு ஆணையத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது. வழி இருக்கிறது, கூட நடக்கத்தான் ஆள் இல்லை.

அந்தத் தாயோடு நானும் ஓர் இளைஞரும் முகாமுக்குப் போனோம். என்ன காரணத்தால் நின்றது என்று முதலில் கேட்டோம். மனு எழுதி, அட்டை நகலும் ஆதார் நகலும் வைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். கருவிழி பதிவானது. அந்தியோதயா அட்டை என்பதால் அடுத்த மாதம் 35 கிலோ அரிசி வந்தது. எனக்குச் செலவானது ஒரு முற்பகல்.

பிறருக்காகப் பரிந்து பேசுங்கள், கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அலுவலகத்து வரிசையில் ஓர் ஏழைக்காக நிற்பதும் அந்த ஷஃபாஅத்தில் சேர்ந்ததே.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டில் மவ்த்தானவர் பெயரை அட்டையில் வைத்துக்கொண்டு பொருள் வாங்குவது அமானித மோசடி. ரேஷன் அரிசியை விற்பதும் அப்படியே. கடை ஊழியரிடம் கத்தாதீர்கள். இயந்திரத்தின் குறைக்கு அவர் பொறுப்பாளி அல்ல.

ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் அரிசியைப் பள்ளிவாசல் மறக்காமல் மனுச் செய்து வாங்குகிறது. மஹல்லாவின் ஏழைக்கும் அதே அக்கறை வேண்டாமா? அடுத்த வாரம் முதல் ஜும்ஆவுக்குப் பிறகு, படித்த இளைஞர்கள் இருவர் வராந்தாவில் அமருங்கள். அட்டையில் சிக்கல் உள்ளவர் எவராயினும், எந்த மதத்தவராயினும், மனு எழுதிக் கொடுங்கள், கூடப் போங்கள். பசிக்கு மதம் கிடையாது.

யா அல்லாஹ்! எங்கள் அண்டை வீட்டின் அணைந்த அடுப்பை எங்கள் கண்ணில் காட்டுவாயாக! பிறர் உரிமைக்காக நடக்கும் கால்களை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.