புண்ணியம் ஒரு நாளில் வளர்வதில்லை



பனங்கொட்டையை மண்ணில் புதைத்தவன் மறுவாரமே வந்து நுங்கு தேடுவதில்லை. அதன் முளை முதலில் மேலே எழுவதில்லை. கீழே இறங்கிக் கிழங்காகிறது. மாதங்கள் சென்ற பின்னரே ஓர் இலை வெளியே தலைகாட்டும். பின்பு அது வடலியாக நிற்கும். காய்ப்பதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதற்கு மேலும் செல்லலாம். நம் வளவிலே நிற்கும் பனை கற்பிக்கும் இந்தப் பாடத்தை ஆன்மீக வாழ்வில் மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். தவக்காலத் தியானம் முடிந்ததும், "இனிக் கோபப்படமாட்டேன்" என்று தீர்மானிக்கிறோம். மூன்றாம் நாள் கோபம் வந்ததும், "என் சுபாவம் அப்படி, என்ன செய்வது?" என்று தீர்மானத்தையே கைவிட்டுவிடுகிறோம்.

புண்ணியம் என்றால் என்ன? ஏதோ ஒருமுறை நன்மை செய்வதன்று. நன்மையை மனமுவந்து, தளராமல் செய்யும்படி ஆன்மாவில் வேரூன்றிய நிலையே புண்ணியம். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றையும் இறைவன் ஞானஸ்நானத்திலே வித்தாக நம்முள் இடுகிறார். விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம் என்னும் நான்கிலும் அவருடைய அருளின் துணையோடு நாம் பழகிப் பழகியே தேற வேண்டும். புனித இராயப்பர் தமது இரண்டாம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், விசுவாசத்தில் தொடங்கி அன்பில் முடியுமாறு புண்ணியங்களை ஒரு மாலையாகக் கோத்துக் காட்டுகிறார். அம்மாலையின் நடுவே தன்னடக்கமும் பொறுமையும் இருக்கின்றன. அவற்றை விட்டு அன்புக்குச் செல்லக் குறுக்குவழி இல்லை.

நம் நாட்டின் அப்போஸ்தலராகிய புனித யோசேவாஸ் முனிவரை நினைத்துப் பாருங்கள். 1697ம் ஆண்டு கண்டியிலே அம்மை நோய் பரவியபோது, சொந்தக் குடும்பத்தவரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். அவரோ அங்கேயே தங்கி, அவர்களுக்கு உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். இந்த வீர அன்பு அன்று காலையிலா பிறந்தது? இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன், 1687ல், ஒல்லாந்தரின் தடையை மீறி, ஏழைக் கூலியாளின் உடையில் அவர் இங்கு வந்தார். நோயினால் மெலிந்த உடலோடு, கழுத்திலே செபமாலை அணிந்து, யாழ்ப்பாணத் தெருக்களில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடினார். பின்னர் கண்டியிலே ஒற்றன் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிலும் இருந்தார். பசியும் அவமானமும் காத்திருப்பும் நிறைந்த அந்த ஆண்டுகளே அவரது அன்பு மண்ணுக்குள் வேர்விட்ட காலம். 2015ம் ஆண்டு ஜனவரி 14ம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது உலகம் கண்டது கனியை. வேரைக் கண்டவர் இறைவன் ஒருவரே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எல்லை வேலியில் ஒரு கதியாலைத் தள்ளி நட்டதற்காக அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? இருவரும் ஒரே கோவிலுக்கே வருகிறார்கள். பூசையிலே சமாதானம் பகிரும் வேளையில் முன்பின் அறியாதவருக்குக் கைகூப்புகிறார்கள்; கூடப்பிறந்தவன் இருக்கும் பக்கம் கண் திரும்புவதில்லை. கடைசியில் செத்தவீட்டிலேதான் முகம் பார்க்கிறார்கள். அப்போது கேட்கும் மன்னிப்பை யார் கேட்பது?

மன்னிப்பைப் பழகாத நெஞ்சு மரணப் படுக்கையில் திடீரென்று மன்னித்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். புண்ணியம் வளர்வது போலவே பகையும் நாளுக்கு நாள் வேர்விடும். பெரியப்பாவின் படலையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பும் தகப்பனைப் பார்த்து, அவன் கைபிடித்து நடக்கும் பிள்ளையும் முகத்தைத் திருப்பக் கற்றுக்கொள்கிறது.

ஆகவே இந்த வாரம் ஒரேயொரு புண்ணியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காக நாளுக்கு ஒரு சிறு செயல் போதும். நாவில் எழும் சுடுசொல்லை விழுங்கிவிடுங்கள். பேசாதிருப்பவருக்காக ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். அடுத்த நாள் அவரைக் கண்டால் தலையசையுங்கள். இரவுச் செபத்தின்போது மனச்சாட்சியைச் சோதியுங்கள். விழுந்திருந்தால் மனந்தளராமல், பாவசங்கீர்த்தனத்தால் எழுந்து, திவ்விய நற்கருணையால் பலம் பெற்று, மீண்டும் தொடங்குங்கள். பொறுமை கேட்டு மன்றாடுபவருக்கு ஆண்டவர் பெரும்பாலும் அனுப்புவது, பொறுமையைச் சோதிக்கும் மனிதரையே. அவரைத் தொல்லையென்று எண்ணாதீர்கள். உங்கள் மன்றாட்டுக்குக் கிடைத்த பதிலென்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்று மாலை குடும்பச் செபமாலை முடிந்ததும், யாருடைய படலையை முதலில் திறக்க வேண்டும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வித்தை இட்ட இறைவன் அதை விளையவும் செய்வாராக.