யாருடைய வீடு?

பிறருடைய தேவை என்ன என்பதை நம்மால் அறிந்துகொள்ள முடியுமா? அறிந்துகொண்டாலும் அதைத் தீர்மானிக்கிற உரிமை நமக்கு உண்டா? தத்துவ நூல்களில் தேடினால் இதற்குப் பெரிய பெரிய விடைகள் கிடைக்கும். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. ஒரு சமையல் மேடையின் உயரத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் போய் அந்த மேடையைச் சற்றுப் பாருங்கள். அதை அந்த உயரத்தில் வைக்கச் சொன்னது யார்? உங்கள் மனைவியா, தாயாரா? பெரும்பாலும் இருக்காது. மேஸ்திரி வைத்தார். அவர் அதற்கு முன்னால் கட்டிய வீட்டிலும் அப்படித்தான் வைத்திருந்தார். அந்த மேடைக்கு முன்னால் முப்பது வருஷம் தோள்பட்டை வலிக்க வலிக்க ஒருத்தி நின்று தோசை வார்த்திருப்பாள். கூடத்துக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று வீடே கூடி ஒரு வாரம் விவாதித்திருக்கும். மேடையின் உயரத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேச்சு நடந்திருக்காது. காரணம் மிக எளியது. வருகிறவர்களின் கண்ணில் படுவது கூடம். இருக்கிறவளின் உடம்பில் படுவது மேடை.

வீட்டின் உட்புறத்தை அமைத்துக் கொடுப்பதற்கென்றே இன்று படித்தவர்கள் இருக்கிறார்கள். இன்டீரியர் டிசைனர் என்று பெயர். அவர்களுடைய தொழிலின் முதல் பாடம் இது: குடியிருக்கப் போகிறவரின் தேவையைக் கேள், இடத்தை அளந்து பார், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கிற இடத்தில் ஒரு கருத்து பிறக்கும், வர்ணம், வெளிச்சம், அலமாரி எல்லாம் அந்தக் கருத்திலிருந்து வரட்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்குச் சொல்லப்படுகிற பாடமும் ஏறக்குறைய இதுதான். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள் என்பார்கள். ஆனால் பாத்திரம் நம் கற்பனைக்குள் அடங்கிய பிராணி. சாமர்த்தியமாக எழுதினால் நாம் நினைத்ததையே அது விரும்பும்படி செய்துவிடலாம். சுவருக்குள் வாழப்போகிற மனிதர்களிடம் அந்த ஜாலம் பலிக்காது.

என் தங்கையின் மகள் இந்தப் படிப்பைப் படித்துவிட்டுச் சேலத்தில் தொழில் செய்கிறாள். சென்ற தை மாதம் கொல்லிமலையில் தேவனூர் நாட்டிலிருந்து அவளுக்கு ஒரு வேலை வந்தது. "மாமா, நீங்களும் வாங்க. மலையைப் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்றாள். போனேன்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை அநேகமாக எல்லோரும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டும், ஆகாய கங்கை அருவியைக் கொண்டும், அறப்பளீசுவரர் கோயிலைக் கொண்டும் அறிந்திருப்பார்கள். மேலே போனால் ஊர்கள் நாடு நாடாகப் பிரிந்திருக்கின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, தேவனூர் நாடு என்று பழைய பெயர்கள் இன்றும் ஊராட்சிகளின் பெயர்களாக வழங்குகின்றன. அங்கே வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ்.

எங்களை வரவழைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அரசு உதவியுடன் கட்டிய சிறிய கான்கிரீட் வீடு. ஏறக்குறைய முந்நூறு சதுர அடி. பக்கத்திலேயே அவர்களுடைய பழைய வீடு நின்றுகொண்டிருந்தது. மண் சுவர், புல் கூரை, உள்ளே அடுப்பு, அடுப்புக்கு மேலே பரண். ஒரு மூலையில் மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பை. கூரை பல இடங்களில் ஒழுகியது. அதை இடித்துவிட்டுப் புது வீட்டுக்குள் எல்லோரும் போய்விடுவது என்று ஏற்பாடு. ஆசிரியை, கணவர், எட்டு வயதுப் பையன், மாமியார் ஆக நான்கு பேர்.

என் மருமகள் கையில் அச்சடித்த கேள்வித்தாள் இருந்தது. பிடித்த வர்ணம் என்ன, துணி அலமாரி எத்தனை, விருந்தினர் வருவதுண்டா என்று வரிசையாகக் கேட்டாள்.

"எல்லாம் நீங்களே பார்த்து நல்லாப் பண்ணிக் குடுங்க, மேடம். நாமக்கல்லுல எங்க அக்கா வீட்டுல டி.வி.க்கு ஒரு ஷோகேஸ் வெச்சிருக்காங்க. அது மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும்" என்றார் ஆசிரியை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும், பாட்டி?" என்று கேட்டாள் இவள்.

"எனக்கென்ன கண்ணு? நான் இருக்கப் போறது இன்னும் எத்தனை நாளைக்கு?"

கேள்வித்தாளில் அந்த இடம் காலியாகவே இருந்தது. சிறிது நேரம் கழித்துக் கிழவி தானாகவே கேட்டாள்: "அடுப்பை எங்க வெப்பீங்க?"

"மேடை மேல, பாட்டி. கேஸ் அடுப்பு. புகையே வராது."

"புகை வரலேன்னா வெதைக்கு என்ன பண்றது?"

சாமையோ கேழ்வரகோ அடுத்த விதைப்புக்கென்று எடுத்து வைக்கும் விதையை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். அன்றாடம் எழுகிற புகையும் சூடும் அதை உலர வைக்கும், பூச்சியை அண்டவிடாது. அடுப்பு, பரண், விதை மூன்றும் சேர்ந்து ஒரே ஏற்பாடு. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் அனாதை. எந்தக் கேள்வித்தாளிலும் இந்தக் கேள்வி இல்லை.

ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. "அத்தை, அரைக்காணி சாமைக்கு இவ்வளவு பாடா? ரேஷன்ல அரிசி வருது. பையனுக்கு இளைப்பு. புகையே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார் ஆசிரியை. கொல்லிமலையில் மரவள்ளி பெருகப் பெருகச் சிறுதானியம் சுருங்கிப் போயிற்று. மரவள்ளிக் கிழங்குக்குப் பரண் வேண்டாம். பிடுங்கினால் ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏறிவிடும். ஆசிரியை சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கிழவி சொன்னதிலும் இல்லை. பேரனின் மூச்சுக்குப் புகை கூடாது. பாட்டியின் விதைக்குப் புகை வேண்டும். இரண்டு நியாயங்கள் முந்நூறு சதுர அடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

இந்த இடத்தில்தான் அலங்காரக் கலை அறநெறிக் கேள்வியாக மாறுகிறது. யாருடைய தேவை பெரிது?

பணம் கொடுக்கிறவருடைய தேவைதான் என்பது கடைக்காரர் சொல்லும் விடை. அப்படியானால் ஷோகேஸைச் செய்து வைத்துவிட்டு வந்துவிடலாம்; கிழவி பணம் கொடுக்கவில்லையே! படித்தவனுக்குத்தான் தெரியும் என்பது நிபுணர் சொல்லும் விடை. பழமையைத் தொடாதே என்பது, மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே கீழே இறங்கிவிடுகிற ரசிகர் சொல்லும் விடை. புல் கூரையின் அழகை அவர் வியந்து பேசுவார். மழை இரவில் ஒழுகுகிற கூரையின் கீழே பாத்திரத்தை நகர்த்தி நகர்த்தி வைத்தவர்கள்தான் கான்கிரீட் கேட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நிபுணரும் ரசிகரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் போலத் தோன்றுகிறார்கள். குடியிருப்பவரைக் கேட்காமலே முடிவு செய்வதில் இருவரும் ஒன்றுதான்.

எகிப்து தேசத்தில் ஹசன் ஃபாத்தி என்று ஒரு மேதை இருந்தார். நைல் நதியின் மேற்குக் கரையில், லக்ஸருக்கு எதிரே, குர்னா என்ற ஊர் மக்கள் பழங்காலப் பிரபுக்களின் கல்லறைகளுக்கு மேலேயே வீடு கட்டி வாழ்ந்து வந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்த விரும்பிய அரசின் தொல்பொருள் இலாகா, 1945-ல் புதிய கிராமம் ஒன்றை அமைக்கும் பொறுப்பை ஃபாத்தியிடம் ஒப்படைத்தது. அவர் சிமெண்டைத் திணிக்கவில்லை. அந்த மண்ணின் செங்கல்லையே எடுத்துக்கொண்டார்; பழைய முறையில் வளைவும் குவிமாடமும் எழுப்பினார்; ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்றபடி வீடு அமைய வேண்டும் என்று பாடுபட்டார். இத்தனை செய்தும் குர்னா மக்களில் பெரும்பாலோர் அங்கே போக மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய பிழைப்பு கல்லறைகளைச் சுற்றியே இருந்தது. வேலை பாதியில் நின்றது. அந்த அனுபவத்தை ஃபாத்தி எழுதிய நூலை உலகெங்கும் கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அதில் எனக்குப் படுகிற பாடம் இது: எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அந்த மக்களைக் கேட்க அருமையான மனிதர் ஒருவர் கிடைத்தார், வீடு மாற விருப்பமா என்று கேட்கத்தான் அரசுக்கு மனம் இல்லை. கேட்பதிலும் வரிசை உண்டு. முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவது கேள்வியை எவ்வளவு அன்போடு கேட்டாலும் பயனில்லை.

நம் நாட்டிலேயே வேறொரு உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து இந்தியாவில் வாழ்ந்து மறைந்த லாரி பேக்கரைப் பலரும் அறிவார்கள். வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னது தம் வாழ்க்கையையே திருப்பிவிட்டது என்று அவர் சொல்லி வந்தார். கேரளத்துக்கு வருவதற்கு முன்னால் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இமயமலைப் பகுதியில் பிதோராகட்டில் வசித்தார். அங்கே மலைவாசிகளின் வீடுகளைப் பார்த்து, தாம் கல்லூரியில் கற்றதைவிட அவர்கள் கைக்கு அதிகம் தெரியும் என்று உணர்ந்தார். கற்பிக்கப் போன இடத்தில் கற்றுக்கொள்ள உட்கார்வதற்கு ஒரு தனிப் பணிவு வேண்டும். அந்தப் பணிவு அவருடைய தொழில் திறமையில் ஒரு பாதி என்றே சொல்லுவேன்.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டில் 2011-ல் வந்த பசுமை வீடு திட்டம் 300 சதுர அடியில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, வராந்தா என்று வகுத்து, ஒரு வீட்டுக்கு 1,80,000 ரூபாய் ஒதுக்கியது. மத்திய அரசு 2016-ல் தொடங்கிய ஊரக வீட்டுத் திட்டம் குறைந்தது 25 சதுர மீட்டர் வேண்டும் என்றது. சமவெளிக்கு 1,20,000 ரூபாய் என்றால் மலைப் பகுதிக்கு 1,30,000 என்றது. ஒப்பந்தக்காரர் கூடாது, குடும்பத்தாரே கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஓர் அரசாங்கம் வீடு கொடுக்கும்போது ஓர் அளவைச் சொல்லத்தான் வேண்டும். ஒழுகாத கூரையும் கழிப்பறையும் சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் அளவு என்பது கடைசி எல்லையைச் சொல்லலாமே தவிர, உள்ளே நடக்கப் போகிற வாழ்க்கையைச் சொல்ல முடியாது. பி.வி. தோஷி இந்தூர் நகரத்து அரண்யாவில் ஏழைகளுக்கான குடியிருப்பை அமைத்தபோது, மேடைத்தளம், தண்ணீர், கழிப்பறை போன்ற அடிப்படைகளை முதலில் கொடுத்துவிட்டு, மற்றதை அந்தந்தக் குடும்பம் தன் வசதிப்படி வளர்த்துக்கொள்ள விட்டார். எங்கே நிறுத்திக்கொள்வது என்று அறிந்திருப்பதும் ஒரு கொடைதான்.

தேவனூர் நாட்டு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். என் மருமகள் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மறுநாள் விடியற்காலையிலேயே போய்ப் பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். யார் எப்போது எழுகிறார்கள், எங்கே குனிகிறார்கள், பையன் எந்த வெளிச்சத்தில் படிக்கிறான், கிழவி எந்தச் சுவரில் சாய்கிறாள் என்று இரவு வரையில் குறித்தாள். அறையை அளப்பதற்கு முன்னால் ஒரு பகற்பொழுதை அளந்தாள் என்று சொல்லலாம்.

அந்தக் குறிப்பிலிருந்து பிறந்தது ஒரே ஒரு கருத்து: புகையும் விதையும் ஒரு பக்கம், மூச்சும் படிப்பும் ஒரு பக்கம், நடுவில் ஒரு சுவர். வீட்டின் பின்சுவரை ஒட்டி வெளியே ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் விறகடுப்பு. அதற்கு மேலே பழைய வீட்டு மரங்களைக் கொண்டே ஒரு பரண். உள்ளே கேஸ் அடுப்பு. மேடையின் உயரத்தை ஆசிரியையை நிற்க வைத்து அளந்தாள். அடுப்புச் சுவரின் உட்பக்கம் கிழவிக்குக் கட்டில். மலையில் மார்கழி, தை மாதங்களில் கான்கிரீட் தளம் சில்லிட்டுப் போகும். வெளியே அடுப்பெரிந்த சுவர் இரவில் வெகு நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். தொம்பைக்கு வராந்தாவில் இடம். ஷோகேஸும் உண்டு, அதன் கீழ்த்தட்டுகள் பையனின் புத்தகங்களுக்கு.

"அந்த ஷோகேஸ் அவசியமா?" என்று நான் கேட்டேன்.

"அவங்க கேட்ட ஒரே பொருள் அதுதானே, மாமா? அதை வேண்டாம்னு சொல்ல நாம யாரு?" என்றாள்.

சிந்திக்க வேண்டிய பதில். மலைமேல் இருப்பவர்களின் பரண் நமக்குக் கவிதையாகப் படுகிறது. அவர்களுடைய ஷோகேஸ் நகல் மோகமாகப் படுகிறது. நம் கூடத்து ஷோகேஸ் மட்டும் எங்கிருந்து வந்ததாம்? ஆசைக்கும் தேவைக்கும் நடுவே கோடு கிழிப்பது நம்முடைய வீட்டில் மட்டும் நமக்குள்ள உரிமை. அடுத்தவர் வீட்டில் அந்தக் கோலை நாம் கையில் எடுக்கக் கூடாது.

கொல்லிப்பாவை என்று ஒரு கதை உண்டு. கண்டவரை மயக்கிச் சிரித்தே உயிரை வாங்கும் அழகுப் பதுமை ஒன்று அந்த மலையில் இருந்ததாகச் சங்க காலம் தொட்டுச் சொல்லி வருகிறார்கள். வழவழப்பான காகிதத்தில் அச்சாகிற அலங்கார அறைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாவையின் ஞாபகம் வருகிறது. அவற்றில் குற்றமே காண முடியாது. ஆனால் அந்த அறைகளில் ஒரு கிழவி இருமுவதில்லை, ஒரு குழந்தை சுவரில் கிறுக்குவதில்லை, விதை காய்வதில்லை.

பிறருடைய தேவையை நம்மால் முழுவதும் அறிய முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் கேட்பதை விட்டுவிடலாம் என்று பொருளாகாது. கேட்டுப் பதில் வராத இடத்தில் சற்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் பொருள். 'எனக்கென்ன' என்று சொல்லுகிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். பெரும்பாலும் அவர் வயதானவராக இருப்பார். அல்லது அடுப்படியில் நிற்பவராக இருப்பார். ஒரு வீடு நன்றாக அமைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கூடத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒருவர் உட்கார எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.