விறகும் சாம்பலும்

 

தியான பகுதி: லேவியராகமம் 6:8-13

எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். அக்கினி இறங்க வேண்டும் என்று கதறுகிறோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், வருஷத்துக்கு ஒருமுறை பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம். எல்லாம் நல்லதுதான், ஸ்தோத்திரம்! ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கூட்டத்தில் எரிந்த அந்த அக்கினி திங்கட்கிழமை காலையில் எங்கே போகிறது? ஸ்பீக்கர் செட்டை வண்டியில் ஏற்றும்போதே அதையும் ஏற்றி அனுப்பிவிடுகிறோமா?

தேவபிள்ளையே, இதற்குப் பதில் வேதத்திலே இருக்கிறது. லேவியராகமம் 9-ம் அதிகாரத்தின் கடைசியில், கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டு வந்து பலியைப் பட்சித்ததாகப் பார்க்கிறோம். ஜனங்கள் ஆர்ப்பரித்து முகங்குப்புற விழுந்தார்கள். அதுதான் எழுப்புதல் கூட்டம்! ஆனால் அதற்கு முன்பே, 6-ம் அதிகாரத்திலே, கர்த்தர் ஆசாரியனுக்கு இரண்டு வேலைகளைச் சொல்லி வைத்துவிட்டார். ஒன்று, காலைதோறும் விறகு அடுக்குவது. இன்னொன்று, இராத்திரி முழுவதும் எரிந்ததன் சாம்பலை அள்ளுவது. பலிபீடத்து நெருப்பு ஒருநாளும் அணையக்கூடாது என்றும் கட்டளை கொடுத்தார்.

கவனியுங்கள். அக்கினியைத் தந்தவர் தேவன். விறகை வானத்திலிருந்து அவர் போடவில்லை. சாம்பலை அள்ள தேவதூதனை அனுப்பவும் இல்லை. அந்த இரண்டும் மனுஷனுடைய வேலை. நாம் அக்கினிக்காக மட்டும் ஜெபிக்கிறோம். விறகும் சாம்பலும் யார் பொறுப்பு? அங்கேதான் நம்முடைய எழுப்புதல் அணைந்து போகிறது.

1. காலைதோறும் விறகு

விறகு என்பது அனுதின ஜெபமும் வேத தியானமும். வாரத்துக்கு ஒருமுறை வண்டி நிறைய விறகைக் கொட்டினால் பலிபீடம் ஏழு நாளும் எரியுமா? எரியாது. நெருப்புக்கு இன்றைய விறகு இன்றைக்கே வேண்டும்.

நம்முடைய கடையநல்லூரிலே விடியுமுன் பள்ளிவாசலில் பாங்கு சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு எழுந்து, குளிரிலும் மழையிலும் தொழப் போகிற பெரியவர்களை நாம் அறிவோம். அதே சத்தம் நம் காதிலும் விழுகிறது. நாம் என்ன செய்கிறோம்? போர்வையை இழுத்து மூடிக்கொண்டு புரண்டு படுக்கிறோம். ஜீவனுள்ள தேவன் என்று பாடுகிற நமக்கு இது வெட்கம் அல்லவா? இன்னும் சிலருக்குக் கண் விழித்ததும் கை தேடுகிறது செல்போனை. வாட்ஸ்அப்பில் வந்த வாக்குத்தத்த வசனத்தை இருபது பேருக்கு அனுப்பிவிட்டால் தியானம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது அடுத்தவன் வெட்டிய விறகு ஐயா! அதை இன்னொருவன் வாசலில் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பலிபீடத்தில் என்ன எரிகிறது?

நேரம் இல்லை என்கிறீர்களா? வேதத்தில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளுக்கு 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5 அதிகாரம் என்று வாசித்தால் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். நம் பகுதியிலே பீடி சுற்றுகிற சகோதரிகள் உண்டு. கடைக்குக் கணக்கு ஒப்படைக்கிற வரைக்கும் கை ஓயாது. தறியில் உட்காருகிற சகோதரருக்கும் அப்படித்தான். கைகளுக்குத்தான் வேலை, காதுகளுக்கு இல்லையே! பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை ஒரு அதிகாரம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தாயும் கேட்பாள், பிள்ளையும் கற்கும்.

நெகேமியாவின் நாட்களிலே ஜனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். தேவாலயத்துக்கு எந்தக் குடும்பம் எந்தக் காலத்தில் விறகு கொண்டுவர வேண்டும் என்று சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள் (நெகேமியா 10:34). விறகுக்கும் ஒரு முறை! உங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கும் அப்படி முறை வையுங்கள். இன்றைக்கு அப்பா, நாளைக்கு அம்மா, மறுநாள் மகன். யாரும் தப்பக்கூடாது.

2. சாம்பல் அள்ளும் ஆசாரியன்

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். சாம்பலை அள்ளியது யார்? வேலைக்காரனா? இல்லை. ஆசாரியனே! சணல்நூல் வஸ்திரம் தரித்து பலி செலுத்துகிற அதே ஆசாரியன் குனிந்து சாம்பலை எடுக்கிறான். பிறகு அந்த வஸ்திரத்தைக் கழற்றி வேறு வஸ்திரம் உடுத்தி, பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறான். அங்கே கைத்தட்டல் இல்லை, மைக் இல்லை, பார்க்கிறவர்களும் இல்லை. ஆனால் சாம்பலை அள்ளாவிட்டால் என்ன ஆகும்? அடுப்பு எரிக்கிற நம் தாய்மாரைக் கேளுங்கள். சாம்பல் அடைத்துக்கொண்டால் காற்று போகாது, எவ்வளவு விறகு வைத்தாலும் புகைதான் வரும். இன்றைக்கு அநேக சபைகளில் புகை மட்டும் வருகிறதற்கு இதுதான் காரணம். ஜெபம் உண்டு, ஊழியம் இல்லை.

ஆவியானவரின் நிறைவு எதற்கு? அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தைப் பாருங்கள். விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாற ஆட்கள் தேவைப்பட்டபோது, பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத் தேடுங்கள் என்று அப்போஸ்தலர்கள் சொன்னார்கள். பந்தி விசாரிக்க ஆவியின் நிறைவா? ஆமாம்! 9-ம் அதிகாரத்தில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் பேதுருவிடம் எதைக் காட்டி அழுதார்கள்? அவள் தைத்துக் கொடுத்த துணிகளை. அவளுடைய சாட்சி அவர்கள் உடம்பின்மேல் இருந்தது.

3. நம்முடைய மலையடிவாரத்தின் சாட்சி

பிரியமானவர்களே, இதற்கு ஒரு சாட்சி தூர தேசத்தில் இல்லை. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நமக்குத் தெற்கே, களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் நடுவே டோனாவூர் இருக்கிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019-ல்தான். அன்றைக்கு எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. ஆகவே இது நம் ஜில்லாவின் சாட்சி.

ஏமி கார்மிக்கேல் அம்மையார் 1867-ல் அயர்லாந்திலே பிறந்தவர்கள். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. 1895-ல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த வருஷக் கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் வந்து, தமிழ் படித்தார்கள். பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் வேறு சில சகோதரிகளும் சேர்ந்துகொள்ள, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். நாம் மெச்சுகிற ஊழியம் அல்லவா அது?

1901 மார்ச்சிலே எல்லாம் மாறிற்று. கோவிலுக்கென்று விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி, பண்ணைவிளையில் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். சிறு பெண்களைப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கத்தின் கொடுமை அன்றுதான் அவர்களுக்குப் புரிய ஆரம்பித்தது. அதைச் சட்டம் தடைசெய்தது 1947-ல்தான். அதற்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல வருஷம் போராட வேண்டியதாயிற்று. 1901-ல் சட்டத்தின் துணை ஏது? ஒரு பிள்ளை வந்தது, பின்னும் பிள்ளைகள் வந்தார்கள், 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தார்கள்.

கைக்குழந்தை என்றால் என்ன அர்த்தம் என்று தாய்மாருக்குத் தெரியும். துணி துவைக்க வேண்டும். இராத்திரி கண் விழிக்க வேண்டும். பால் காய்ச்ச வேண்டும், நகம் வெட்ட வேண்டும், பேதியும் காய்ச்சலும் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். யார் பெற்ற பிள்ளையோ, அதன் அழுக்கை அலசுவது தங்கள் தகுதிக்குக் குறைச்சல் என்று ஜாதி பார்த்த காலம் அது. பொன்னம்மாள் நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரியின் பக்கத்திலே குழந்தைகளை வைத்துப் பராமரித்தார்கள். 1915-ல் புற்றுநோயால் மரிக்கிற வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குத் தூணாக இருந்தார்கள்.

ஊர் ஊராய்ப் பிரசங்கித்த அம்மையாருக்குள்ளும் கேள்வி எழும்பிற்று. ஆத்தும ஆதாயத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பது சரிதானா? அவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது யோவான் 13-ம் அதிகாரம். ஆண்டவர் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, சீஷருடைய கால்களைக் கழுவினார். எஜமான் செய்ததை ஊழியக்காரன் செய்ய மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தேவபிள்ளையே, ஆசாரியன் வஸ்திரத்தை மாற்றிக்கொண்டு சாம்பலோடு வெளியே போனது நினைவுக்கு வருகிறதா?

இனி எழுப்புதல் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1905 அக்டோபரில், டோனாவூரில் ஒரு காலை ஆராதனையின் முடிவில், பேசிக்கொண்டிருந்தவர் மேலே பேச முடியாமல் நிறுத்தினார். பிள்ளைகளும் பெரியவர்களும் உடைந்து அழுது மணிக்கணக்காக ஜெபித்தார்கள். அக்கினி எங்கே இறங்கிற்று? குழந்தைகளின் துணி துவைத்த வீட்டிலே இறங்கிற்று! அதே வருஷம் மகாராஷ்டிரத்தில் கேட்காவ் என்ற இடத்திலும் அப்படியே நடந்தது. பண்டித ரமாபாய் அம்மையார் விதவைகளையும் பஞ்சத்தில் அநாதைகளான பெண்களையும் சேர்த்து வைத்திருந்த முக்தி மிஷன் அது. 1905 ஜனவரியில் சுமார் 70 பேர் தினமும் காலையில் கூடி ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் பெரிய ஊற்றுதல் உண்டாயிற்று. அங்கே காலைதோறும் விறகும் இருந்தது, சாம்பல் அள்ளுகிற கைகளும் இருந்தன.

4. படுக்கையிலும் அணையாத நெருப்பு

எனக்கு வயதாகிவிட்டது, நான் படுக்கையில் இருக்கிறேன், என்னால் என்ன ஊழியம் முடியும் என்று கேட்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. 1931 செப்டம்பர் 24-ம் தேதி காலையில், தன்னை இன்னும் ஊழியத்துக்குத் தகுதியாக்க ஆண்டவர் எதை வேண்டுமானாலும் செய்யட்டும் என்று ஏமி அம்மையார் ஜெபித்தார்கள். அன்று சாயங்காலமே களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பின் சுமார் இருபது வருஷம் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழிந்தது. ஆனால் அந்த அறையிலிருந்து புத்தகங்கள் பிறந்தன, கடிதங்கள் போயின, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. 1951 ஜனவரி 18-ல் கர்த்தரிடத்தில் சேர்ந்தார்கள். இந்தியாவுக்கு வந்த 55 வருஷத்தில் ஒருதரம்கூட ஊருக்கு விடுமுறையில் போகவில்லை. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்தார்கள். அதில் தாயைக் கூப்பிடுகிற ஒரே ஒரு சொல் உண்டு.

இப்போது நம்முடைய வீட்டுக்கு வருவோம். மகன் வளைகுடாவில், வயதான தகப்பன் தனியாக. ஆராதனையில் நடனமாடிய கால்கள் அந்த வீட்டுப் படியேறினதுண்டா? படுக்கையில் கிடக்கிற மாமியாரின் போர்வையை மாற்றாமல் உபவாச ஜெபத்துக்கு ஓடுகிற சகோதரியே, உன் பலிபீடத்தில் சாம்பல் அடைத்திருக்கிறது. அவளைத் தனியாக விட்டுவிட்டு பைபிளோடு கிளம்புகிற சகோதரனே, அந்தப் போர்வை உன் தாயினுடையது! தென்காசி ஆஸ்பத்திரியில் இரத்தம் தேவை என்று யாராவது சொன்னால், எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்காமல் போய்க் கையை நீட்டு. சபைக்கு வருவார்களா என்று கணக்குப் பார்த்துச் செய்கிற உதவிக்குப் பேர் வியாபாரம். ஆண்டவர் யூதாஸின் கால்களையும் கழுவினார், மறந்துவிடாதே.

ஆகவே இந்த வாரத்துக்கு இரண்டே தீர்மானம். நாளைக் காலையில் செல்போனைத் தொடுமுன் முழங்காலில் நில்லுங்கள், அது விறகு. நாளைச் சாயங்காலத்துக்குள் யாருக்கும் சொல்லாமல், போட்டோ எடுக்காமல், ஒருவருக்கு ஒரு தாழ்மையான வேலையைச் செய்யுங்கள், அது சாம்பல். அக்கினியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அல்லேலூயா!

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, அக்கினியைக் கேட்ட எங்களுக்கு விறகு அடுக்குகிற கைகளையும், சாம்பல் அள்ளக் குனிகிற முதுகையும் தாரும். எங்கள் வீடுகளில் உம்முடைய நெருப்பு அணையாதிருப்பதாக. இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக!