மடுவில் தங்கிய பொன்

எங்கும் நிறைந்தவன் என்று சொல்லிவிட்டு, அவனைச் சேவிக்க நாங்குநேரிக்கு வா என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்? சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் எழுப்பிய கேள்வி இது. இன்றும் பகுத்தறிவாளர்கள் கேட்கிறார்கள், பக்தர்களும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். நாங்குநேரியை முன்வைத்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்குள்ள வானமாமலைப் பெருமாள் யாரும் பிரதிஷ்டை செய்யாமல் தானே தோன்றியவர் என்பது வைணவ மரபு. திருவரங்கம், திருமலை, பத்ரி முதலான எட்டுத் தலங்களின் வரிசையில் இந்த ஊருக்கும் இடம் உண்டு. இங்கே தானாகத் தோன்றினார் என்றால், பக்கத்து மூலைக்கரைப்பட்டியில் தோன்றாமல் இருந்தாரா? பசுவின் உடம்பெல்லாம் பால், ஆனாலும் மடியில்தான் கறக்கும் என்று பிரசங்கங்களில் பதில் சொல்வார்கள். அது சரியான பதில் இல்லை. பசுவின் கொம்பிலும் குளம்பிலும் பால் கிடையாது, மடியில்தான் உண்டாகிறது. எங்கும் இருப்பதும் ஓரிடத்தில் கிடைப்பதும் ஒருசேர உண்மையாக இருக்கும் பொருள் ஒன்று வேண்டும். தங்கம் அப்படிப்பட்டது.

பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு ஒன்று முதல் நான்கு மில்லிகிராம் வரை தங்கம் இருக்கிறது. நாங்குநேரியைச் சுற்றிக் கிடக்கும் சார்னகைட்டிலும், சிவப்புக் கார்னெட் பதிந்த நைஸ் பாறையிலும் அந்த இம்மியளவைத் தேடலாம். பல டன் பாறையை இடித்தாலும் ஒரு மூக்குத்திக்குக்கூடத் தேறாது. வடக்கே, நீலகிரிக் கூடலூருக்கு மேற்கில் தேவாலா, பந்தலூர் மலைகளில் நிலைமை வேறு. அங்கே வெகு ஆழத்தில், கந்தகம் கலந்த கொதிநீர் பாறைகளிலிருந்து தங்கத்தைக் கரைத்துக்கொண்டு விரிசல்கள் வழியே மேலேறியது. வழியில் அழுத்தம் குறைந்தது. பாறையிலிருந்த இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டது. கரைத்து வைத்திருக்கும் வலு போனதும் நீர் தங்கத்தைக் கைவிட, அது வெள்ளைக்கல்லாகிய குவார்ட்ஸ் நரம்புகளில் படிந்தது. பிறகு மழை அந்த மலையைச் செம்பாறையாகச் சிதைத்தது. பாண்டியாறும் புன்னப்புழாவும் அந்தச் சிதைவை அள்ளி நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றுக்குக் கொண்டுபோயின. நீரைப்போல மணல் 2.65 மடங்கு கனம். தங்கமோ 19 மடங்குக்கும் மேல். ஆகவே ஓட்டம் தளரும் இடத்தில், வளைவின் உட்புறத்திலும் பெருங்கல்லின் பின்புறத்திலும் அடிப்பாறை வெடிப்பிலும், தங்கம் முதலில் இறங்கிவிடுகிறது. அங்கே மண்ணை அள்ளி மரத்தட்டில் வைத்து அரிப்பவர் தட்டைச் சாய்த்துச் சுழற்றச் சுழற்ற வெளிறிய மணல் வழிந்து போகும். இல்மனைட்டும் மேக்னடைட்டும் சேர்ந்த கருமணல் ஒரு பிறைபோல ஒதுங்கும். கடைசிச் சுழற்றில் அதன் விளிம்பில் நாலைந்து மஞ்சள் பொட்டுகள் நிற்கும். வெகுகாலம் ஆற்றில் கிடந்த அந்தப் பொட்டின் ஓரம் அதன் நடுப்பகுதியைவிடத் தூய்மையானது. ஓரத்திலிருந்த வெள்ளியை நீர் கரைத்துக்கொண்டு போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வளைவில் தங்கம் உண்டாகவில்லை. அங்கே தங்கியது, அவ்வளவுதான். மலை நரம்பில் இருந்ததும் மடுவில் இருப்பதும் ஒரே தங்கம். மாறியது, அதை எடுக்க என்ன வேண்டும் என்பது. கோலாரில் பாறைக்குள் இருந்த தங்கத்துக்காக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது. 2001-ல் சுரங்கம் மூடப்படும்வரை லிஃப்டும் வெடிமருந்தும் பெருமூலதனமும் இல்லாமல் அந்த ஆழத்திலிருந்து ஒரு குன்றிமணி எடை எடுக்க முடிந்ததில்லை. கடல்நீரில் இருப்பது இன்னும் கைக்கு எட்டாதது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் போர் இழப்பீட்டைக் கட்ட, நோபல் பரிசு பெற்ற வேதியியலர் ஃபிரிட்ஸ் ஹேபர் கடல்நீரிலிருந்து தங்கம் பிரிக்கப் பல ஆண்டுகள் முயன்றார். எதிர்பார்த்ததில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே இருப்பதாகக் கண்டு கைவிட்டார். எல்லாக் கடலிலும் இருப்பது உண்மை, ஒருவருக்கும் கிடைக்காததும் உண்மை. ஆற்று வளைவிலோ ஒரு மரத்தட்டும் வெறுங்கையும் போதும்.

வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவனின் ஐந்து நிலைகளைத் தாகத்துக்கு உதவும் நீரை வைத்தே விளக்குகிறார். பரமபதத்தில் உள்ள நிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர், வியூகம் பாற்கடல், அவதாரங்கள் பெருகி ஓடி வற்றிவிடும் ஆறு, உயிர்களுக்குள் உறையும் அந்தர்யாமி பூமிக்கு அடியில் உள்ள நீர், கோயிலில் நிற்கும் அர்ச்சை, அந்த ஆற்றில் தேங்கிய மடு. மடுவில் நீரின் தரம் உயர்ந்தது என்று அவர் சொல்லவே இல்லை. நிலத்தடி நீர் காலடியிலேயே இருக்கிறது, ஆனால் தோண்டக் கருவி வேண்டும். யோகமும் ஞானமும் கைவந்தவர்களிடம் அந்தக் கருவி உண்டு. இல்லாதவர் என்ன செய்வார்? நம்மாழ்வார் இந்த நாங்குநேரிப் பெருமாளைப் பாடிய பதிகத்தில் தன்னிடம் நோன்பும் இல்லை, நுண்ணறிவும் இல்லை, ஆனாலும் உன்னை விட்டு ஒரு கணமும் தரிக்க முடியவில்லை என்றே தொடங்குகிறார். ஆழ்வார்களில் தலைமையானவர் என்று கொண்டாடப்படுபவர், கருவி இல்லாதவனின் குரலில் பேசத் தேர்ந்த தலம் இது. ஆகவே என் வாதம் இவ்வளவே: தலம் இறைவனுக்கு எதையும் கூட்டுவதில்லை, மற்ற இடங்களில் அவனைக் குறைப்பதுமில்லை, அது வெறுங்கையோடு வருபவருக்காக ஏற்பட்ட தளர்வு. எங்கும் நிறைந்தவன் என்ற கொள்கை கோயிலை மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோயில் ஏன் தேவைப்படுகிறது என்பதை அந்தக் கொள்கைதான் விளக்குகிறது.

தங்கம் துகளாகப் பிரியும், அளக்கலாம். பிரிக்க முடியாத இறைவன் ஓரிடத்தில் எப்படித் திரள முடியும் என்று வேதாந்தம் படித்தவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வாதத்துக்குத் திரட்சி தேவையில்லை, எளிமை போதும். வைணவர்கள் சௌலப்யம் என்று போற்றும் அந்த எளிமை, அணுகுபவருக்கும் அணுகப்படுபவருக்கும் இடையிலான உறவைப் பற்றியது, அளவைப் பற்றியதன்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஒரு பாறையைத் தாது என்பதா வெறுங்கல் என்பதா என்று தீர்மானிப்பது மனிதன்தான். விலை ஏறினால் நேற்றைய கழிவு இன்று தாது. அதுபோலப் புனிதமும் மனிதன் ஒட்டிய சீட்டுத்தானே? பாதி உண்மை. தேவாலாவே அதற்குச் சாட்சி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் 1880-ல் தந்த அறிக்கையை நம்பி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தன. தலபுராணம் எழுதிக் கூட்டம் சேர்க்கும் இடங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் சரிவு எதைக் காட்டுகிறது? சீட்டு ஒட்டுவதால் தங்கம் வந்துவிடாது என்பதைத்தான். கம்பெனிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே குறும்பரும் பணியரும் அதே ஓடைகளில் அரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகள் போன பின்பும் வளைவில் தங்கம் இருந்தது. தட்டு தங்கத்தைக் காட்டும், உண்டாக்காது. தலைமுறை தலைமுறையாக வெறுங்கையோடு வந்தவர்கள் நிறைவோடு திரும்பினார்களா என்பது கோயிலுக்கும் உரைகல்.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது, மனதை அறுப்பது. எளிமைக்காக ஏற்பட்டது என்றால், எளியவர்களை ஏன் வாசலிலேயே நிறுத்தினார்கள்? 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-ல் தடை உறுதியானது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், அதுவரை நுழையத் தடுக்கப்பட்டிருந்தவர்கள் சிலரை அழைத்துச் சென்றபின் சட்டமும் நகர்ந்தது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை; தேடவும் மாட்டேன். ஆனால் அந்தக் குற்றத்தை எந்தக் கொள்கையின் பெயரால் கண்டிப்பது என்று பார்க்க வேண்டும். சாமி எங்கும்தானே இருக்கிறார், வெளியிலேயே நின்று கும்பிடு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எங்கும் நிறைந்தவன் என்ற கொள்கை மட்டும் இருந்தால் அந்தப் பேச்சுக்கு மறுமொழி கிடையாது. மடு தாகித்தவனுக்காகவே தேங்கியது என்று ஏற்றுக்கொண்டால்தான் கரையில் வேலி போட்டது அநீதி மட்டுமல்ல, அந்தப் பெருமாளின் இருப்பையே மறுத்த செயல் என்று சொல்ல முடிகிறது.