செவிலியின் பிள்ளை

கல்வி கற்றுத் தொழில் புரியும் பெண்ணொருத்தி, பிள்ளைப்பேற்றின் பொருட்டுச் சில காலம் வீட்டிலிருந்து, பின் தொழிலுக்கு மீள்வது முறையா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. மீள்பவள் பிள்ளைக்குக் குறை செய்கிறாள் என்பர் ஒரு சாரார். வீட்டிற் கழிந்த காலமே அவளது ஆற்றலை வீணாக்கியது என்பர் மறு சாரார். மாறுபட்டவை போலத் தோன்றும் இக்கூற்றுக்கள் இரண்டும் ஒரே எடுகோளிற் பிறந்தவை. ஒருவருக்கு இயல்பான கடமை ஒன்றே. மற்றையது அதற்கு இடையூறு என்பதே அவ்வெடுகோள்.

இதனைப் பிளேட்டோ ஓரளவு ஐயுற்றவர். காவல் நாய்களுட் பெண்ணும் ஆணோடு சேர்ந்தே காவல் புரிவதை எடுத்துக்காட்டி, நாட்டைக் காக்கும் தகுதி பெண்ணுக்கும் உண்டென அவரது 'குடியரசு' ஐந்தாம் பகுதியில் வாதிடுகின்றது. ஆயின் பிள்ளைகளை வளர்ப்பவர் யார்? இரவிற் கண்விழித்தல் முதலிய தொல்லைகளைச் செவிலியரிடமும் பணியாளரிடமும் ஒப்படைத்துவிட்டு அவர் மேற்செல்கிறார். அச்செவிலியரின் பிள்ளைகளை யார் பார்ப்பர் என்பதை அவர் வினவவில்லை.

தமிழ் மரபு அப்பிள்ளையை அறியும். தோழியைச் செவிலியின் மகளென்றே தொல்காப்பியம் கூறுகின்றது. தலைவியின் காதலுக்காக அவள் வாதிடுகிறாள். வேண்டுமிடத்துப் பொய்யும் புனைகிறாள். அவளுடைய சொந்தக் காதலோ அகப்பாட்டின் பொருளாவதில்லை.

இந்நிலை ஏட்டோடு முடிந்துவிடவில்லை. கொழும்பில் அலுவலகத்துக்கு மீளும் தாயொருத்தியின் பிள்ளையை ஏந்திக்கொள்ளும் பெண், பல வீடுகளில், மலையகத்திலே தன் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்தவள். ஒருத்தியின் மீட்சி மற்றொருத்தியின் பிரிவின்மீது நிற்கின்றது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை உரித்தாக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் எழுதிய ஒப்பந்தமேதுமின்றி அடுக்களையில் உழைப்பவளை இத்தகைய உரிமைகள் சென்றடைவது அரிது. அதுமட்டுமன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்கென வெளிநாடு செல்வதைத் தடுக்கும் 'குடும்பப் பின்னணி அறிக்கை' நடைமுறையை அரசு 2013இற் கொணர்ந்தது. 2022இலேயே அது தளர்த்தப்பட்டது. தந்தையரிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை.

அவ்வாறாயின், கற்ற பெண் தொழிலுக்கு மீளலாகாதா? அம்முடிபு பொருந்தாது. மனிதரை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்றார் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற். பிறர் உதவியைப் பெறுதல் தவறன்று. உதவுபவரும் ஒரு தாய் என்பதை மறத்தலே தவறு. அவளுக்குரிய ஊதியம், ஓய்வு, தன் பிள்ளையைக் காணச் செல்லும் விடுமுறை என்பன ஈகையன்று, கடன். அக்கடன் தாயின் தலையில் மட்டும் ஏற்றப்படுவதும் நீதியன்று. பிள்ளைக்குத் தந்தையும் உண்டு. பெற்றோர் இருவரின் உழைப்பாலும் பயன்பெறும் நிறுவனமும் சமூகமும் உண்டு.

இயலாத காரியம் என இதனை ஒதுக்குவோர் தேயிலைத் தோட்டங்களை நோக்குதல் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்ணின் கை இன்றியமையாதது எனக் கண்ட தோட்ட நிர்வாகம் பிள்ளை மடுவத்தை அமைத்தது. அதன் தரம் எத்தகையதாயினும், அது உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு: உழைப்பு வேண்டப்படும் இடத்திற் பிள்ளைக்கும் இடம் காணலாம். கொழுந்துக்குக் காட்டிய அக்கறையை மனிதருக்காகக் காட்டுதல் கடினமன்று.

எனவே, தாய் தொழிலுக்கு மீளலாமா என்பது முதல் வினாவன்று. அவளது மீட்சிக்கான விலையை எந்தப் பிள்ளை செலுத்துகின்றது என்பதே முதலில் வினவத்தக்கது. அவ்வினாவை வீட்டிலும் அலுவலகத்திலும் எழுப்பும் ஒருத்தி, தன் பிள்ளைக்கும் தொழிலுக்கும் மட்டுமன்றிச் செவிலியின் பிள்ளைக்கும் நேர்மையுடையவளாகிறாள்.