மனைவியும்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் வட்டாரத்தில் ஸ்பென்னிமூர் என்று ஒரு சுரங்க ஊர். 1930களின் தொடக்கத்தில், நிலக்கரித் தொழில் படுத்துப்போய் ஆண்கள் தெருமுனையில் வெறுங்கையோடு நின்ற நாட்களில், அங்கே ஒரு சிறு கலை மையம் தொடங்கியது. ஸ்பென்னிமூர் செட்டில்மென்ட் என்று பெயர். ஓவியம், நாடகம், வாசிப்பு, தச்சு, தையல். 1939இல் சொந்தமாக ஒரு நாடக அரங்கும் எழுந்தது. 14 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய நார்மன் கார்னிஷ் இங்கே வந்துதான் ஓவியரானார். சிட் சாப்ளின் என்ற சுரங்கத் தொழிலாளி இங்கே பழகித்தான் எழுத்தாளரானார். சுரங்கக்காரர்களின் அகாடமி என்று ஊர் அதைச் செல்லமாகச் சொன்னது.

இதற்குப் பணம் கொடுத்தது பில்கிரிம் டிரஸ்ட். 1930இல் எட்வர்ட் ஹார்க்னெஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த 20 லட்சம் பவுனில் உருவான அறக்கட்டளை அது. கொடுத்தவருக்குப் பெயர் உண்டு. தமிழிலும் அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சொல் இருக்கிறது: புரவலர். வாங்குபவருக்கும் இருக்கிறது: இரவலர். இருவருக்கும் நடுவில் நின்று உலையேற்றியவருக்கு என்ன சொல்? ஆற்றுப்படைகளில் பாணர்கள் உண்ட ஊனும் சோறும் நெய்யும் அவ்வளவு விரிவாக வருகின்றன. அரண்மனைச் சமையற்கட்டில் நின்றவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

செட்டில்மென்டின் கதையைச் சொல்பவர்கள் பில் ஃபாரல் அதன் முதல் வார்டன் என்று தொடங்குவார்கள். பெரும்பாலும் அதே வாக்கியத்தின் வாலில், மனைவி பெட்டியும் உடனிருந்தார் என்று வரும். தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. ‘பில்லும் பெட்டியும் நடத்தினார்கள்’ என்றால் எண்ணும்மை. இருவருக்கும் ஒரே எடை. ‘மனைவியும் உடனிருந்தார்’ என்றால் எச்சவும்மை. முன்னால் சொன்ன ஆளின் மேல் சாய்ந்துதான் அது நிற்கும். இலக்கண வகுப்பில் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது எடுத்துக்காட்டுக்குச் சாத்தனையும் கொற்றனையும்தான் இழுக்கிறோம். ஒரு கணவனையும் மனைவியையும் வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

என் கேள்வி பெட்டியோடு நிற்பதல்ல. அந்த மையத்துக்கு மாலையில் ஓர் ஆண் வந்து தூரிகை பிடிக்க வேண்டுமானால் அதற்கு முன் என்னென்ன நடந்திருக்க வேண்டும்? 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. நல்லதுதான். ஆனால் சுரங்கம் அவர்களின் வீட்டுக்குள் வந்துவிட்டது. சுரங்க வாசலில் குளியலறை இல்லாத காலம். கணவன் ஒரு ஷிப்ட், மூத்தவன் வேறு ஷிப்ட். ஒவ்வொருவர் திரும்பும் நேரத்துக்கும் அடுப்பில் வெந்நீர் கொதிக்க வேண்டும், அடுப்பின் முன்னால் தகரத் தொட்டியை இழுத்துப் போட வேண்டும், கரி படிந்த துணியைத் தட்டித் துவைக்க வேண்டும். இப்படித் தண்ணீர் சுமந்தே பெண்களுக்குக் கருக் கலைகிறது, உடல் முறிகிறது என்று 1919இல் சாங்கி கமிஷன் முன்னால் வேல்ஸைச் சேர்ந்த எலிசபெத் ஆண்ட்ரூஸ் சாட்சியம் சொன்னார். சுரங்க வாசல் குளியலறைகளுக்கென்று வரி வந்ததே 1926இல்தான். எல்லாச் சுரங்கங்களுக்கும் அவை வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஆக, அந்தக் கலை மையத்தை நடத்தியவர்கள் யார் என்று கேட்டால், அதன் வாசற்படியையே மிதிக்காத பெண்களையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. கார்னிஷ் தன் மனைவி சாராவைத் திரும்பத் திரும்ப வரைந்தார், பின்னல் வேலையோடும் சமையலறையிலும். அந்தப் படங்களில் அன்பு இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உழைப்பு படத்தில் தெரிவதும் கணக்கில் ஏறுவதும் ஒன்றல்ல.

இதற்குப் பெண்ணியம் இரண்டு விடைகள் வைத்திருக்கிறது. ஒன்று, பராமரிப்பையே கலை என்று அறிவிப்பது. தாயான பிறகு, 1969இல், நியூயார்க்கின் மியர்லே லேடர்மன் உகேலஸ் அப்படி ஓர் அறிக்கை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தின் படிகளைக் கைகளாலேயே கழுவினார். எனக்கு மிகவும் பிடித்த செயல் அது. ஆனால் மறுநாள் அதே படிகளைக் கழுவ வந்தவரின் வேலை கலையாகிவிடவில்லை, அவர் பெயரும் யாருக்கும் தெரியாது. இரண்டாவது, 1972இல் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டுச் செல்மா ஜேம்ஸ், மரியாரோசா டல்லா கோஸ்டா, சில்வியா ஃபெடரிச்சி ஆகியோர் எழுப்பிய குரல். நியாயமானது. ஆனால் சின்ன மையத்தில் சாவி வைத்திருப்பவருக்கும் தேநீர் போடுபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் நேர்மையான கூலி கொடுத்தால் அடுத்த மாதமே கதவைச் சாத்த வேண்டிவரும். கொடுக்காவிட்டால் மையம் சில பெண்களைத் தின்றே உயிர்வாழும். இரண்டில் எது மேல் என்று எளிதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மூன்றாவதாக ஒன்றைத்தான் வழக்கமாகச் செய்கிறோம்: நன்றி சொல்வது. மேடைக்கு அழைத்துத் துண்டு போடுவது. பெயர் வேண்டாத பெருந்தன்மை என்று புகழ்வது. அந்தத் தன்னடக்கத்தை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

டர்ஹமுக்கு வடக்கே ஆஷிங்டன் என்ற ஊரில் 1934இல் தொடங்கிய இன்னொரு சுரங்கத் தொழிலாளர் ஓவியக் குழு பல ஆண்டுகள் தங்களுக்கென்று ஒரு கொட்டகை வைத்திருந்தது. ஆண்களே கூடிய இடம் அது. வரைந்தவர்களேதான் கொட்டகையையும் பார்த்துக்கொண்டார்கள். இந்த வேலை ஆண்களுக்கு வராது என்பது பொய் என்பதற்கு அந்தக் கொட்டகை போதும். அவர்கள் வீடு திரும்பியபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

எனவே நான் கேட்பது கொஞ்சம்தான். சாவியும் துடைப்பமும் முறை வைத்துக் கைமாற வேண்டும். வரைபவர், நடிப்பவர், கவிதை வாசிப்பவர் எல்லோர் பெயரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும், நிகழ்ச்சி நிரலின் அதே தாளில், அதே எழுத்தளவில். இதை ஏற்றால் கலைஞர்கள் சிலர் வராமல் போவார்கள். போகட்டும். கவிதை வாசித்துக் கைதட்டல் வாங்கிய கையோடு கோப்பை கழுவக் கூப்பிட்டால் எனக்கே எரிச்சல் வரும். கழுவிக்கொண்டே எரிச்சல்படலாம்.